இடையிடையே ஐம்பத்தைந்து

அக்டோபர் 7, செவ்வாய்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஏதோ பொருட்காட்சி வரப்போகிறதாம். காலையிலிருந்து மைக் டெஸ்டிங். ஹலோ, ஒன், டூ, த்ரீ. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் மூன்று வரை எண்ணுவான்? எனக்கோ மூன்று மணிக்கு ஒலிப்பதிவு. ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். அங்கே பேசினால் எதிரொலி வராது, நானாகக் கண்டுபிடித்த வித்தை. யாராவது பார்த்தால் ஜெயராணி டீச்சருக்கு முற்றிவிட்டது என்பார்கள். பார்க்க யார் இருக்கிறார்கள்?

செய்கிற வேலை இதுதான். தினமும் மதியம் கடல் நிலவரத் தாள் ஆங்கிலத்தில் வரும். அதைத் தமிழாக்கி என் குரலில் பேசி மீனவர் நல டிரஸ்ட்டுக்கு அனுப்புவேன். அங்கே மேனேஜர் மணவாளன் சார் பொத்தானைத் தட்டுவார். நான்கு மணிக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவர்கள் ஆயிரத்து எண்ணூறு பேருக்குப் போன் அடிக்கும். எடுத்தால் நான்.

என் போன் அடித்து ஒன்பது நாள் ஆகிறது. கடைசியாக அடித்தது கேஸ் சிலிண்டர்காரர்.

இன்றும் தாளில் அந்தச் சொல். கஸ்ட். பதினேழு வருஷம் சிதம்பரத்து டுடோரியலில் ஆங்கிலம் நடத்தியவள் நான். கஸ்ட் என்றால் திடீர்க் காற்று என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். இப்போது மூன்று அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன். ஒன்று வன்காற்று என்கிறது. ஒன்று காற்றின் திடீர் வீச்சு என்கிறது. மூன்றாவது, சிரிப்புக்கும் கோபத்துக்கும்கூட அதைச் சொல்லலாம் என்று உதாரணம் காட்டுகிறது. படகில் இருப்பவனுக்கு அதனால் என்ன? ஸ்குவால் வேறு, அது வந்தால் சில நிமிஷமாவது நின்று அடிக்கும். கஸ்ட் சில வினாடிதான். அரசாங்கத் தமிழில் அதை 'இடையிடையே' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 'காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்.' இடையிடையே என்றால் டவுன் பஸ் வருகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. வேறு சொல் அகப்படவும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

மணவாளன் சார் போன் செய்தார். "மேடம், மெசேஜ் முப்பத்தேழு செகண்டு ஓடுது. முப்பதுக்கு மேல போனா ஜனங்க கட் பண்ணிடறாங்க. கொஞ்சம் சுருக்குங்களேன்."

கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'வணக்கம் சொந்தங்களே, உங்க ஜெயராணி பேசுறேன், எல்லாரும் நல்லா இருக்கீங்களா?' இது ஏழு வினாடி. 'இடையிடையே' என்று தொடங்கும் அந்த வால் ஏழு வினாடி. இரண்டில் ஒன்று போக வேண்டும்.

வாலை வெட்டிவிட்டேன். கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காற்று நடுவில் ஏறி இறங்கும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? முப்பது வினாடி, கச்சிதம். "சூப்பர் மேடம்" என்றார். வெட்டியது என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தேன். கடைசி பெஞ்ச். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று பேசினார்கள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். செருப்பு காலில்தான் இருந்தது.

தம்பி அன்பரசு சிதம்பரத்திலிருந்து பேசினான். "அக்கா, அங்க தனியா என்னாத்துக்கு கெடக்குற? மாடி ரூமு சும்மாதான் இருக்குது, வந்துடு." அம்மா இருந்தவரை அந்த வீட்டில் என்னை யாரும் 'வந்துடு' என்று கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அது என் வீடாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. இன்று முழுக்க வாயைத் திறந்தது மூன்று மணிக்கு மட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

யார் யார் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று டிரஸ்ட்டிலிருந்து பட்டியல் வந்தது. முக்கால்வாசிப் பேர் முழு முப்பது வினாடியும் கேட்கிறார்கள். பெருமையாகத்தான் இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்? எனக்காக நானே ஜாஸ்தி பால் ஊற்றி ஒரு டீ போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

காலை பத்தரைக்குக் காற்று ஒரே ஒரு அடி. மொட்டைமாடிக் கொடியில் கிடந்த போர்வை எகிறிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல் போய் விழுந்தது. நான் படியேறிப் போய்ப் பார்ப்பதற்குள் வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. இந்த வயதில் சுவரில் ஏறி எட்டிப் போர்வையை இழுத்தேன். நல்ல கூத்து.

இதை எழுதி வைத்துவிட்டு எழுந்தேன். ஐந்து மணிக்கு மணவாளன் சாரின் போன்.

"மேடம், அன்னங்கோயிலாண்ட ஒரு ஃபைபர் படகு கவுந்துடுச்சு. காலைல பத்து, பத்தரை இருக்கும். மூணு பேரு. ரெண்டு பேரு நீந்தி வந்துட்டாங்க. ஒருத்தர காணோம், கண்ணாயிரம்னு பேரு. நேத்து மெசேஜ்ல காத்து சொன்னீங்கள்ல?"

"சொன்னேன் சார்."

"அப்ப சரி. நம்ம மேல ஒண்ணும் வராது."

நேற்றைய தாளை எடுத்துப் பார்த்தேன். முப்பது. கஸ்ட் ஐம்பத்தைந்து.

நா சொன்னது முப்பது. வெறும் முப்பது. ஆண்டவரே, நா என்ன பண்ணிட்டேன்?

நவம்பர் 12, புதன்

உடல் கிடைக்கும்வரை அந்த ஊரில் ஒரு படகும் தொழிலுக்கு இறங்காதாம். எல்லாப் படகும் தேடத்தான் போயிருக்கிறது.

எனக்கு ஒரு நப்பாசை. அவர் மெசேஜ் கேட்காமலே போயிருக்கலாமே? எத்தனை பேர் கட் செய்கிறார்கள். இந்த வாரத்துப் பட்டியலைத் திறந்து தேடினேன். அன்னங்கோயில், கண்ணாயிரம். திங்கள் மாலை நான்கு மணி ஆறு நிமிஷம். கேட்ட நேரம்: முப்பது வினாடி.

முழுசா கேட்டிருக்காரு. நல்லா இருக்கீங்களான்னு நா கேட்டதையும் சேத்து.

நவம்பர் 13, வியாழன்

உடல் கிடைத்துவிட்டது. தெற்கே இரண்டு ஊர் தள்ளிக் கரை ஒதுங்கியிருந்ததாம்.

மணவாளன் சார் டிரஸ்ட் மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். 'காற்றைப் பற்றிய எச்சரிக்கை உரிய நேரத்தில் முழுமையாக அனுப்பப்பட்டது. அதை மீறிச் சென்றதால் இவ்விபத்து நேர்ந்தது.' எழுதினேன். இலக்கணப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. அனுப்பிவிட்டேன்.

இந்தக் கை என்னுடையதுதானா? அழுகிப் போகாதா?

நவம்பர் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

சின்ன வீடு. பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செத்தவரின் மனைவி தைலம்மாள், முப்பது வயது இருக்கும், சுவரில் சாய்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, "அம்மா, நான் கடலூர்லேர்ந்து வரேன்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். சட்டென்று நிமிர்ந்தாள்.

"நீங்க... போன்ல காத்து சொல்ற அக்காதான?"

தலையாட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "அக்கா வந்திருக்காங்க பாருங்கடி, மெசேஜ் அக்கா" என்று மற்றவர்களிடம் சொன்னாள். யாரோ பாய் போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, "கொரல வெச்சி சின்னப் புள்ளன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"உங்க போனு வந்தா டிவிய அமுக்கிடுவாருக்கா" என்றாள் தைலம்மாள். "நம்ம அக்கா பேசுறாங்க, சும்மா இருங்கடின்னு பொண்ணுங்கள அதட்டுவாரு. அன்னிக்கும் கேட்டாரு. முப்பதுதானாம், கிட்டக்கவே போயிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இரண்டு வருஷமாக என் கையை ஒருவரும் பிடித்ததில்லை. கிளம்பும்போது அவள் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்

சாயங்காலம் போன் அடித்தது. தைலம்மாள். "சும்மாதான்கா. கொரல கேக்கணும்னு தோணுச்சு."

நவம்பர் 20, வியாழன்

தினமும் பேசுகிறாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். பெரிய பெண்ணின் பள்ளிக்கூடம், புருஷனின் தம்பி எழிலன் படகைத் தொட மறுப்பது, எல்லாம் சொல்கிறாள். அதே படகில் இருந்து நீந்தி வந்தவன் எழிலன். நான் ஐந்து மணியிலிருந்தே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தூ. வெட்கமாக இருக்கிறது. அவள் புருஷன் செத்ததில் எனக்கு ஒரு தங்கச்சி கிடைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமையிலிருந்து அந்த வாலைச் சேர்த்துவிட்டேன், வணக்கத்தை எடுத்துவிட்டேன். எத்தனை சுலபமாக இருந்தது! அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று தைலம்மாள் சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. எடுத்தவுடனே அழுகை.

ஊர்க்கூட்டத்தில் மணவாளன் சார் வந்து, எச்சரிக்கை முழுசாகக் கொடுத்தோம் என்று என் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினாராம். தலைவர் வைத்திலிங்கம் எல்லோர் முன்னிலையிலும், 'சொல்லியும் கேக்காம எறங்கியிருக்கான், தம்பியையும் சேத்து சாவடிக்கப் பாத்தான்' என்று சொல்லிவிட்டாராம். யாரோ ஒருத்தர், 'காலைலயே ஊத்திக்கினு போயிருப்பான்' என்றாராம்.

"அவரு குடிக்க மாட்டாருக்கா. நீங்க சொன்னத ஒரு நாளும் மீறுனது இல்ல. மூணு நாளு போவாதீங்கன்னு சொன்னீங்கன்னா மூணு நாளும் வூட்லயேதான் கெடப்பாரு. பொண்ணு ஸ்கூல்ல கேக்குறாளுங்களாம், உங்கப்பா ஏண்டி சொன்ன பேச்சு கேக்கலன்னு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா ஊரே கேக்கும்."

சரி என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

மணவாளன் சாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். தாளையும் என் பதிவையும் மேஜைமேல் வைத்தேன். தாளைப் படித்து, பதிவைக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை.

"இத வெளிய சொன்னா இந்த மெசேஜயே நிறுத்திடுவாங்க மேடம். ஆயிரத்தெண்ணூறு பேரு. இனிமே யாரு நம்புவாங்க? போனவரு போயிட்டாரு. விட்டுடுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டு வரை யோசித்தேன். பிறகு அந்தப் பெண்பிள்ளையின் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது.

நவம்பர் 26, புதன்

பதினாறாம் நாள் காரியம். ஊர் முழுக்க வந்திருந்தது. தைலம்மாள் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "அக்கா பேசுவாங்க" என்று அவளே வைத்திலிங்கத்திடம் சொன்னாள். எழுந்து நின்றேன். 

நேராகச் சொன்னேன். தாளில் இரண்டு எண் இருந்தது. முப்பது ஒன்று, ஐம்பத்தைந்து ஒன்று. முப்பதை மட்டும் நான் சொன்னேன். கண்ணாயிரம் அதைக் கேட்டுத்தான் போனார். மீறிப் போகவில்லை. முழுமையாக அனுப்பினோம் என்ற கடிதமும் நான் எழுதியதுதான், அது பொய். ஏழு வினாடி மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. 'வணக்கம் சொந்தங்களே' என்பதை எடுத்திருக்கலாம். எனக்குப் பேச வேறு ஆள் இல்லை. அதனால் அதை வைத்துக்கொண்டு உங்களுக்கு வேண்டியதை எடுத்துவிட்டேன்.

எழிலன்தான் முதலில் பேசினான், தரையைப் பார்த்துக்கொண்டே. "காத்து நல்லாத்தான் இருந்துச்சி. முப்பதுதான் இருக்கும். வலைய இழுத்துக்கினு இருந்தோம், மூணு பேரும் ஒரே பக்கம். திடீர்னு ஒரு அடி. எண்ணி பத்து செகண்டு இருக்காது. மேல வந்து பாக்குறேன், ஒண்ணுமே நடக்காத மாரி கடலு கெடக்குது. அம்பத்தஞ்சுன்னு தெரிஞ்சிருந்தா அண்ணன் எறங்கியே இருக்க மாட்டாரு."

மூன்று அகராதியிலும் இது இல்லை.

வைத்திலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாம அவன தப்பா பேசிட்டோம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக் குடும்மா இத" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரோ ஓர் அம்மாள் என்னைச் சபித்தாள், அது அவள் உரிமை.

நான் வாசல் தாண்டும்போது தைலம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"பத்து நாளா எங்கிட்ட பேசுனீங்களே. நா சாப்ட்டீங்களான்னு கேட்டா சாப்ட்டேன்னு சொன்னீங்களே. ஒரு நாளு கூடவா சொல்லத் தோணல?"

ஷேர் ஆட்டோ வரும்வரை அவள் அங்கேயே நின்றாள், நான் ஏறிய பிறகு உள்ளே போனாள்.

நவம்பர் 27, வியாழன்

ஐந்து மணி. ஆறு மணி. அடிக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. மணவாளன் சார் நேரில் வந்து சொன்னார், அந்த மட்டுக்கு மரியாதை. மெசேஜ் நிற்கவில்லை. வேறொரு பையனை வைத்திருக்கிறார்கள். தாளில் இருப்பதில் ஓர் எழுத்தையும் விடக்கூடாது என்று ஊர்க்காரர்களே வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம். விசாரணைக்குக் கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டார். வருவேன் என்றேன்.

மூன்று மணிக்குப் பழக்கதோஷத்தில் ஃபேனை நிறுத்திவிட்டேன். புழுக்கம் தாங்காமல்தான் உறைத்தது. பேனாவை எடுத்து அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எழுதினேன்: முப்பது என்று நம்பிப் போனவனை ஐம்பத்தைந்து வந்து அடிப்பது. எழுதிவிட்டு அகராதியை அட்டைப்பெட்டியில் கட்டினேன். வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

சிதம்பரம். அன்பரசு மாடி ரூமுக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறான். அவன் மனைவி சிந்துஜா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வேற எதாவது வேணும்னா சொல்லுங்க" என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். கீழே அவர்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. கதவைச் சாத்தலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

பண்டிகை. எல்லோரும் சிந்துஜாவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வீடு பார்த்துக்கொள்ளும் வேலை. தைலம்மாள் எண்ணை எடுத்தேன், வைத்தேன். எந்த முகத்தோடு?

ஜனவரி 9, வெள்ளி

டுடோரியலில் மறுபடியும் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. வகுப்பு முடிந்து கீழ வீதி வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. தைலம்மாள் என்று பெயர் தெரிந்ததும் ஒரு பூக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டேன்.

"எழிலன் நாளைக்கு எறங்குறானாம்" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை. நல்லா இருக்கீங்களா என்று கேட்கவில்லை. "அந்தப் பையன் கடகடன்னு சொல்லிட்டு வெச்சிடறான். ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. நீங்க அந்தத் தாளப் பாத்து சொல்லுங்க. ரெண்டு நம்பரும் சொல்லுங்க."

தாள் எனக்கு இப்போது வருவதில்லை. ஆனால் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கேயே நின்று தேடி எடுத்தேன். அவள் லைனிலேயே இருந்தாள், மூச்சு கேட்டது.

"காத்து முப்பத்தஞ்சு. நடுவுல திடீர்னு அடிக்கும்மா. எப்ப அடிக்கும்னு சொல்ல முடியாது. பத்து செகண்டுதான் அடிக்கும், ஆனா அம்பத்தஞ்சு வரைக்கும் போவும்."

"போலாமா, வேணாமா?"

"வேணாம்."

"டேய், எறங்காத" என்று அவள் எழிலனிடம் கத்தியது கேட்டது. கட் ஆகிவிட்டது.

பூக்காரம்மா, "பூ வேணுமாம்மா, சும்மா நிக்கிற?" என்றாள். வேண்டாம் என்று நடந்தேன்.

ஜனவரி 10, சனி

காலை பத்தே முக்காலுக்குப் போன்.

"இன்னிக்கு எறங்கல. யாரும் எறங்கல" என்றாள். பின்னால் காற்று இரைகிற சத்தம். "நாளைக்கு எப்புடி?" என்றாள்.

நாளைக்கான தாள் மதியத்துக்கு மேல்தான் வரும் என்றேன்.

"அப்ப மூணு மணிக்குப் பண்றேன்."